பர்சன்டேஜ் குறைந்தால் எல்லாமே போய்விடுமா?

எதிர் வீட்டு அக்கா போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து உட்கார்ந்தார். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும், எந்த ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தாலும், கன்னடம் படிக்கத் தெரிந்த வீட்டுக்குத்தான் முதலில் போகும். அந்த வகையில் நிறைய கவர்கள் என்னிடம் வரும். அக்காவின் கவருக்குள் அவர் மகனின் ஊனச் சான்றிதழ், மஞ்சள் நிற யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை), பென்சன் விழும் பாஸ்புக், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பஸ் பாஸ் எல்லாம் இருந்தன. பையனுக்கு அடுத்த மாசம் 18 வயது முடிகிறது, சான்றிதழைப் புதுப்பிக்க மறுபடியும் டெஸ்ட்டுக்குப் போக வேண்டும். அக்கா கேட்டது ஒரே கேள்வி. "இப்போ 75 போட்டிருக்காங்க. இந்தத் தடவ கொறச்சிட்டா எல்லாமே போயிடுமா? ரேஷன், கிருஹலட்சுமிகூடவா?"

போகாது. இதைத்தான் முதலில் சொன்னேன். ஆனால் "போகாது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் அந்தப் பயம் போகாது, ஏனென்றால் சிலது நிஜமாகவே மாறும், சிலது மாறவே மாறாது, இன்னும் சிலது பர்சன்டேஜால் இல்லாமல் வேறு காரணத்தால் நின்றுபோகும். எது எந்த ரகம் என்று தெரியாததுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. அதனால் அன்றைக்கு அக்காவிடம் பேசியதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் நம் ஆட்களை மனதில் வைத்து எழுதுவது, அதனால் மாநிலத் திட்டங்கள் எல்லாம் கர்நாடகத்துடையவை.

சான்றிதழில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எல்லோரும் நேராக அந்தப் பர்சன்டேஜைத்தான் பார்க்கிறார்கள். அதே காகிதத்தில் வேறு மூன்று விஷயங்கள் இருக்கின்றன, அவையும் அதே அளவுக்கு முக்கியம்: என்ன வகைக் குறைபாடு, நிரந்தரமா தற்காலிகமா, தற்காலிகம் என்றால் எந்தத் தேதி வரை செல்லும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தது. நிலைமை மாற வாய்ப்பே இல்லை என்று டாக்டர்களுக்குத் தோன்றினால் நிரந்தரச் சான்றிதழ். மாறலாம் என்றால் காலக்கெடு போட்டுக் கொடுப்பார்கள், அந்தக் கெடு முடிவதற்குள் மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த எண். சட்டத்தின் முக்கியமான கோடு 40 சதவீதம். 40-ம் அதற்கு மேலும் இருந்தால்தான் அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு போன்றவை. அடுத்த கோடு 80. யுடிஐடி கார்டின் நிறமும் இந்தக் கோடுகளை வைத்துத்தான்: 40-க்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து 79 வரை மஞ்சள், 80-லிருந்து நீலம். இதற்கு நடுவில் 75-ல் ஒரு கோடு இருக்கிறது, அது கர்நாடக அரசு தன் பென்சனுக்காகப் போட்டுக்கொண்டது, கார்டின் நிறத்தில் தெரியாது.

ஆக, 62 இருந்தது 55 ஆனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 42 இருந்தது 38 ஆனால் நிறைய ஆகும். எத்தனை குறைந்தது என்பதைவிட, குறைந்தபோது எந்தக் கோட்டைத் தாண்டியது என்பதுதான் கேள்வி.

எண் ஏன் மாறுகிறது

"ஊனம் அதேதானே இருக்கு, எண் மட்டும் எப்படி மாறும்" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிகிச்சையாலோ ஆபரேஷனாலோ நிலைமை தேறியிருக்கலாம், மோசமாகவும் ஆகியிருக்கலாம். அளக்கும் வழிகாட்டுதலே மாறியிருக்கலாம். 2018 ஜனவரியில் மத்திய அரசு புது வழிகாட்டுதல் வெளியிட்டது, அதற்குப் பிறகு 2024 மார்ச்சில் அதையும் திருத்தியது. பழைய கணக்கில் ஒரு எண், புதுக் கணக்கில் வேறு எண் வருவது நடக்கும்.

இரண்டு குறைபாடு இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். கையில் 50, காதில் 30, மொத்தம் 80 என்று கூட்டிக்கொண்டு நீலக் கார்டை எதிர்பார்த்துப் போவார்கள். அப்படிக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90-லிருந்து அதைக் கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். 90-லிருந்து 50 போனால் 40, அதை 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம், ஆக மொத்தம் 63. மஞ்சள் கார்டுதான். இந்தக் கணக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அங்கே போய் டாக்டரோடு சண்டை போட வேண்டியிருக்காது.

அக்காவின் மகனுக்கு இருப்பது அறிவுசார் குறைபாடு. அதை அளக்கும் விதம் வேறு, அக்கா பயப்படுவதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளையின் ஐக்யூ டெஸ்ட்டோடு, வைன்லேண்ட் அளவுகோல் என்று ஒன்று எடுப்பார்கள். அது பிள்ளையிடம் கேட்பதைவிட அதிகமாக அம்மாவிடம் கேட்பது. தானாகச் சாப்பிடுவானா, தானாகக் குளிப்பானா, தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போவானா, சில்லறை எண்ணி வாங்குவானா. பதில்களை வைத்து ஒரு ஸ்கோர் வரும். 2018 வழிகாட்டுதல்படி ஸ்கோர் 36-லிருந்து 54 வரை இருந்தால் 75 சதவீதம், 55-லிருந்து 69 வரை இருந்தால் 50 சதவீதம். கவனியுங்கள், 54-க்கும் 55-க்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி, ஆனால் சான்றிதழில் 25 சதவீதம் இறங்கிவிடுகிறது.

அந்த ஒரு புள்ளி எங்கே விழும் தெரியுமா? அம்மாவின் பதிலில். நம் அம்மாக்களுக்குப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது. "அவனே குளிச்சிப்பான் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் என்ன நடக்கிறது? அக்கா வெந்நீர் விளாவி வைத்து, சோப்பை எடுத்துக் கையில் கொடுத்து, "முதுகு தேய், கழுத்து தேய்" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் குளிப்பான், சொல்லாவிட்டால் தண்ணீருக்கு அடியில் அப்படியே நிற்பான். இது "தானாகக் குளிப்பது" ஆகாது. கடைக்குப் போவான், ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்து, கடைக்காரரே மிச்சத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்து அனுப்ப வேண்டும். இதையும் அப்படியே சொல்ல வேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை, கூட்டியும் வேண்டாம் குறைத்தும் வேண்டாம், வீட்டில் நடப்பது நடப்பதுபோல வார்த்தையாக வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். அங்கே கன்னடத்தில் கேள்வி வேகமாக வரும், நம் ஆட்கள் புரியாததற்கெல்லாம் "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார்கள். கன்னடமோ இங்கிலீஷோ பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போவது இதற்காகத்தான்.

அறிவுசார் குறைபாட்டில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. குழந்தையாக இருக்கும்போது 5 வயதில், அப்புறம் 10-ல், அப்புறம் 18-ல் புதுப்பிக்கச் சொல்வார்கள். 18-ல் கொடுக்கும் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். இந்த ஒரு தடவை அக்கறையாகப் போய்வந்துவிட்டால் மறுபடி இந்த அலைச்சல் இல்லை.

எண்ணைப் பார்க்காதவை

அக்கா பயந்த ரேஷனும் கிருஹலட்சுமியும் இந்த வகை. கிருஹலட்சுமியில் வரும் 2,000 ரூபாய் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்ணுக்கு. அவரோ அவர் கணவரோ வருமான வரி, ஜிஎஸ்டி கட்டுகிறார்களா என்று பார்ப்பார்கள், வீட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்று அந்தத் திட்டம் கேட்பதே இல்லை. 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கிருஹஜோதியும் அப்படித்தான். சக்தி திட்டத்தில் அக்கா பஸ்ஸில் இலவசமாகப் போவது பெண் என்பதற்காக. மகனின் சான்றிதழில் 75 இருந்தாலும் 50 இருந்தாலும் அக்காவுக்கு டிக்கெட் காசு கிடையாது.

சாதாரண பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான) ரேஷன் கார்டு குடும்ப வருமானத்தை வைத்து வருவது, அதுவும் மாறாது. ஒரே ஒரு விதிவிலக்கு, அந்த்யோதயா கார்டு. மாதம் 35 கிலோ தானியம் கிடைக்கும் அந்தக் கார்டு மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கானது, நிலையான பிழைப்பு வழியில்லாத மாற்றுத்திறனாளி குடும்பத் தலைவராக இருப்பதும் அதற்கான தகுதிகளில் ஒன்று. உங்கள் வீட்டுக்கு அந்தக் காரணத்தை வைத்துத்தான் அந்த்யோதயா கார்டு கிடைத்தது என்றால் மட்டும், புதுச் சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

ரயில் சலுகையைச் சொன்னால் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள், அதுவும் பர்சன்டேஜை வைத்து இல்லை. கை கால் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ இருப்பவர்களுக்கு, துணையாள் இல்லாமல் பயணம் செய்ய முடியாது என்று அரசு டாக்டர் ரயில்வேயின் தனிப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கும் அதே தள்ளுபடி. ஊருக்கு, ஜோலார்பேட்டை வழியாகப் போய்வரும் குடும்பங்களுக்கு இது பெரிய காசு. சான்றிதழில் 75 இருந்தது 50 ஆனால் இது தானாகப் போகாது. அதேபோல 90 சதவீதம் இருக்கிறது என்பதற்காகத் தானாக வரவும் வராது.

எண்ணைப் பார்ப்பவை

இங்கே முதலில் பென்சன். கவுன்ட்டரில் கன்னடத்தில் "அங்கவிகல வேதன" என்பார்கள், அதுதான். 40-லிருந்து 75-க்குள் இருந்தால் மாதம் 800 ரூபாய், 2021 ஜூலையில்தான் 600-லிருந்து 800 ஆக்கினார்கள். 75-ஐத் தாண்டிய கடுமையான ஊனத்துக்கு 1,400. கூடவே குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். ஆக 78 இருந்தவருக்கு மறுமதிப்பீட்டில் 70 வந்தால் மாதம் 600 ரூபாய் போகிறது, வருஷத்துக்கு 7,200. இது மாதிரி வீடுகளில் அது சமையல் கேஸும் மாத்திரையும். இந்தத் தொகைகளே ரொம்பக் குறைவு என்பது என் எண்ணம், 800 ரூபாயில் பெங்களூரில் ஒரு மனிதர் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது, அதிலும் ஒரு படி இறங்கினால் வலிக்கத்தான் செய்யும். மத்திய அரசின் பங்கு இன்னும் கஞ்சத்தனமானது. 2009-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் பென்சன் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 18 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு, அதில் மத்திய அரசு தருவது 300 ரூபாய்.

பென்சனில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு பென்சன் ஒருவருக்கு ஒன்றுதான். விதவை பென்சனும் ஊனப் பென்சனும் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் இதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. 40-க்குக் கீழே போய் ஊனப் பென்சன் நின்றுவிட்ட ஒரு விதவை அம்மா, விதவை பென்சனுக்கு விண்ணப்பிக்கலாம், அதுவும் 800 ரூபாய்தான். 65 வயது தாண்டியவர்களுக்கு சந்தியா சுரக்ஷா என்ற முதியோர் பென்சன் 1,200 ரூபாய். ஊனப் பென்சனில் 1,400-லிருந்து 800-க்கு இறங்கிய ஒரு தாத்தா, அந்தத் திட்டத்தின் நிபந்தனைகள் அவருக்குப் பொருந்தினால், இதை விட்டுவிட்டு அதற்கு மாறுவதுதான் லாபம். யாரும் கூப்பிட்டு இதைச் சொல்ல மாட்டார்கள், நாமேதான் போய்க் கேட்க வேண்டும்.

பிஎம்டிசி (பெங்களூர் நகரப் பஸ்) பாஸும் 40-ஐப் பார்ப்பதுதான், வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டியது. அதனால் எண் 40-க்குக் கீழே போனால் அடுத்த புதுப்பிப்பில் தெரியவரும். 75-லிருந்து 50 வந்தால் பஸ் பாஸுக்கு ஒன்றும் இல்லை.

சம்பளக்காரர்களுக்கு வரி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80யூ, 80டிடி என்று பழகிப்போன கழிவுகள், முதலாவது தனக்கே ஊனம் இருந்தால், இரண்டாவது தன்னை நம்பியிருக்கும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இருந்தால். 40-லிருந்து 75,000 ரூபாய், 80-லிருந்து 1,25,000. இங்கே கோடு 75 இல்லை, 80. ஒரே சான்றிதழ், பென்சன் ஆபீஸில் ஒரு கோடு, வரியில் வேறு கோடு. சான்றிதழின் கெடு முடிந்துபோனால், முடிந்த அந்த நிதியாண்டு வரைதான் கழிவு, அதற்கு மேல் புதுச் சான்றிதழ் வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. புதிய வரி முறைக்கு மாறிவிட்டவர்களுக்கு இந்தக் கழிவுகளே கிடையாது, அதனால் அவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அப்பாவோ அம்மாவோ மத்திய அரசு வேலையில் இருந்து இறந்துபோய், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்பப் பென்சன் வரும் வீடுகளும் இங்கே நிறைய. அதில் எண்ணைவிட முக்கியம், அந்தக் குறைபாட்டால் சொந்தமாகப் பிழைக்க முடியாத நிலையா என்பது. நிரந்தரச் சான்றிதழ் ஒரு தடவை கொடுத்தால் போதும், தற்காலிகம் என்றால் 5 வருஷத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். அடுத்து இஎஸ்ஐ, தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு. சாதாரணமாக மாதச் சம்பளம் 21,000 வரைதான் இஎஸ்ஐ, மாற்றுத்திறனாளிக்கு 25,000 வரை. 23,000 சம்பளம் வாங்கும் ஒருவர் இந்தத் தகுதியால்தான் இஎஸ்ஐக்குள் இருக்கிறார் என்றால், அவர் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் எல்லோருடைய வைத்தியத்தையும் காப்பாற்றுவது.

எண்ணைவிட தேதி

என் அண்ணன் கதையைச் சொல்லிவிடுகிறேன். பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை செய்தபோது கால் மாட்டிக்கொண்டது. 2018-ல் 60 சதவீதம் என்று, 5 வருஷத்துக்கு மட்டும் செல்லும் சான்றிதழ் கொடுத்தார்கள். நாங்கள் 60-ஐ மனப்பாடமாக வைத்திருந்தோம், கீழே இருந்த தேதியை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. 2023-ல் ஒரு மாசம் பென்சன் பணம் விழவில்லை. லேட்டாகும் என்று விட்டோம். அடுத்த மாசமும் இல்லை. ஆபீஸில் போய்க் கேட்டால் ஒருவர் ஆதார் லிங்க் என்றார், இன்னொருவர் பேங்க் என்றார், மூன்றாவது தடவை போனபோதுதான் ஒரு அம்மா கம்ப்யூட்டரில் பார்த்து, சான்றிதழ் முடிந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு யுடிஐடி போர்ட்டலில் புதுப்பிக்க விண்ணப்பித்து, ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி, டெஸ்ட் முடிந்து, புதுச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்து, பணம் மறுபடி விழ மொத்தம் 7 மாசம். 5,600 ரூபாய், அது வரவே இல்லை. பஸ் பாஸையும் அந்த நேரத்தில் புதுப்பிக்க முடியாமல், கால் சரியில்லாத மனுஷன் பல நாள் வீட்டிலேயே இருந்தான்.

அத்தனையும் முடிந்து புதுச் சான்றிதழில் வந்த எண் 52. எட்டு சதவீதம் குறைந்திருந்தது. பென்சன் அதே 800. பாஸ் அதே பாஸ். எண் குறைந்ததால் ஒரு பைசா போகவில்லை, தேதியைப் பார்க்காததால் 7 மாசம் போனது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

அதனால் கெடு முடிய ஆறு மாசம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். 2024 அக்டோபரில் விதியைத் திருத்தி, சான்றிதழ் கொடுக்க ஆஸ்பத்திரிகளுக்கு இருந்த ஒரு மாச அவகாசத்தை மூன்று மாசமாக்கிவிட்டார்கள். கடைசி மாசம் போய் நின்றால் நடுவில் இடைவெளி விழுவது நிச்சயம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை, "நான் 60-ஐ 80 ஆக்கித் தர்றேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். பொய்யாகச் சலுகை வாங்கினால் 2 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவு சொல்கிறது, அதில் மாட்டுவது அந்த ஆள் இல்லை, நாம். புதுச் சான்றிதழில் எண் குறைந்துவிட்டது, பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதேதான் பதில்.

இன்னொன்று, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தனி ஃபைல். ஆஸ்பத்திரியில் புது எண் ஏறிவிட்டது என்பதால் பென்சன் ஆபீஸ் ஃபைலிலும் ஏறியிருக்கும் என்று நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, புதுச் சான்றிதழின் நகலை ஒவ்வொரு இடத்திலும் நாமே கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். குறிப்பாகக் கூடினால். தசை இளைக்கும் நோய் இருக்கும் ஒரு தம்பிக்கு 65-லிருந்து 82 ஆனது, நீலக் கார்டும் கையில் இருந்தது, பென்சன் மட்டும் ஒரு வருஷமாக 800-தான் வந்துகொண்டிருந்தது, யாரும் போய்ச் சொல்லாததால்.

எண் நிஜமாகவே தப்பாக வந்துவிட்டால்

சான்றிதழ் தரும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 59-ஆம் பிரிவு உரிமை தருகிறது. சான்றிதழே கிடையாது என்று மறுத்தால், அதற்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாயால் சொல்லி அனுப்பினால் "எழுதிக் கொடுங்க சார்" என்று பொறுமையாகக் கேளுங்கள், அந்தக் காகிதம் இல்லாமல் மேலே போக முடியாது. பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே, காது டெஸ்ட் பேப்பர், பள்ளிக்கூடம் கொடுத்த கடிதம் எதையும் தூக்கிப்போடாதீர்கள். ஊனமுற்றோருக்கான மாநில ஆணையர் அலுவலகமும் பெங்களூரிலேயே இருக்கிறது, அங்கே புகார் எழுதலாம். உங்கள் வார்டுக்கு ஒரு நகர மறுவாழ்வுப் பணியாளர் இருந்தால், அவரும் மாற்றுத்திறனாளியாகவே இருப்பார், அவருக்கு இந்த அலைச்சல் எல்லாம் தெரிந்திருக்கும்.

40-க்குக் கீழே போய்விட்டால்கூட "நீ மாற்றுத்திறனாளியே இல்லை" என்று ஆகாது, வெள்ளைக் கார்டு என்று ஒன்று இருப்பதே அதனால்தான். இட ஒதுக்கீடும் பென்சனும் கிடைக்காது, ஆனால் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. எழுத முடியாத மாணவர் பரீட்சைக்கு எழுத்தர் கேட்கும் உரிமையும் இருக்கிறது, 2021-ல் உச்ச நீதிமன்றம் 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத்தரை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

அக்கா வீட்டுக் கணக்கு

கடைசியில் அக்காவின் கவரில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் எழுதினோம். 75 வந்தால் என்ன, 50 வந்தால் என்ன என்று இரண்டு பத்தி. ரேஷன், கிருஹலட்சுமி, மின்சாரம், அக்காவின் பஸ் பயணம், பையனின் பஸ் பாஸ், ரயில் சலுகை: இரண்டிலும் அப்படியே. பென்சன்: 75-ஐ மேல் படியில் வைத்து இப்போது 1,400 போடுகிறார்கள் என்றால், 50 வந்தால் தொகை குறையலாம். மிச்சம் எல்லாம் நிற்கிறது. அக்கா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, எண்ணைவிட அக்கா கவனிக்க வேண்டியது வேறொன்று. 18 முடிந்ததும் சட்டப்படி பையன் பெரியவன். பேங்க் கணக்கு இதுவரை அக்கா காப்பாளராக இருந்த சிறுவர் கணக்கு, அதை மாற்றாவிட்டால் பென்சன் வந்தாலும் எடுப்பதில் சிக்கல் வரும். பையனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமையும் அம்மாவுக்குத் தானாகத் தொடராது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு இருப்பவர்களுக்கு 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் சட்டக் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். அதற்கும் இதே சான்றிதழ்தான் கேட்பார்கள். அதனால் முதலில் சான்றிதழ், உடனே காப்பாளர் விண்ணப்பம், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேங்க் என்று வரிசை போட்டோம்.

வியாழக்கிழமை டெஸ்ட். காலையில் போய் டோக்கன் வாங்க வேண்டும். நானும் கூடப் போகிறேன், கன்னடத்தில் கேட்பதை அக்காவுக்குத் தமிழில் சொல்வதற்கு. பையன் எப்படிக் குளிக்கிறான், எப்படிக் கடைக்குப் போகிறான் என்று அக்கா ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார். நேற்று ராத்திரி கொண்டுவந்து காட்டினார், நாலு பக்கம் வந்திருக்கிறது.